யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலில் கலவைச் சாமான்: முதன்முறை அனுப்புவோருக்கு

சுன்னாகத்திலோ கொடிகாமத்திலோ சிறுதொழில் நடத்தும் ஒருவர், ரொறன்ரோவிலோ இலண்டனிலோ கடை வைத்திருக்கும் உறவினருக்கு முதன்முறையாகக் கப்பலில் சாமான் அனுப்ப எண்ணும்போது, அவர் மனத்தில் இருப்பது ஒரே வகைப் பண்டம் அன்று. மிளகாய்த்தூள், ஒடியல் மா, புழுக்கொடியல், பனங்கட்டி, நல்லெண்ணெய், ஊறுகாய், ஊதுபத்தி, பித்தளை விளக்கு, பனையோலைப் பெட்டி, சேலை, பஞ்சாங்கம் எனப் பத்துப் பதினைந்து வகைகளும் ஒவ்வொன்றிலும் சில பெட்டிகளும் இருக்கும். ஒரே பண்டத்தை ஆயிரம் பெட்டிகளாக அனுப்புவதைவிட இத்தகைய கலவைச் சரக்கை அனுப்புவதே கடினமானது. ஏனெனில் அதிகாரி ஒருவருக்குச் சந்தேகம் வருவது ஒரு பெட்டியில்தான் என்றாலும், நிறுத்தி வைக்கப்படுவது முழுச் சரக்கும் ஆகும்.

இதை நான் பணம் கொடுத்தே அறிந்துகொண்டேன். எனது முதலாவது அனுப்புகையில் 46 பெட்டிகள் இருந்தன. கட்டி முடித்த கடைசி நாளில், பெறுநரின் தாயார் மகனுக்கென்று கொண்டுவந்து தந்த இரண்டு கிலோ கருவாட்டை, மறுக்க மனமில்லாமல் ஒரு பெட்டியின் மூலையில் வைத்தேன், பட்டியலில் எழுதவில்லை. போய்ச் சேர்ந்த துறைமுகத்தில் அந்தப் பெட்டி திறக்கப்பட்டது. அதன்பின் 46 பெட்டிகளும் ஒவ்வொன்றாகத் திறக்கப்பட்டன. களஞ்சியக் கட்டணமும் பரிசோதனைக் கட்டணமும் சேர்ந்து கப்பற் கூலியைத் தாண்டின. ஆகவே முதலில் செய்ய வேண்டியது பெட்டி வாங்குவதோ முகவரைத் தேடுவதோ அன்று. பட்டியல் எழுதுவதே முதல் வேலை.

பட்டியலும் பிரிப்பும்

ஒரு கொப்பியில் ஒவ்வொரு பண்டத்தையும், அது எதனால் ஆனது, எத்தனை அலகுகள், ஓர் அலகின் நிறை என்ன, விலை என்ன என்ற விபரங்களுடன் எழுதுங்கள். பின்னர் அவற்றை நான்காகப் பிரியுங்கள்.

சேலை, எவர்சில்வர்ப் பாத்திரம், புத்தகம், பஞ்சாங்கம் போன்றவை சிக்கல் குறைந்தவை. ஆயினும் பழைய பித்தளைக் குத்துவிளக்கு, ஓலைச் சுவடி போன்ற பழைமையான பொருட்களுக்குத் தொல்லியல் திணைக்களத்தின் அனுமதி தேவை என்பதால், குடும்பச் சொத்தாக இருந்தாலும் அவற்றைச் சாதாரண சரக்குடன் சேர்க்கக் கூடாது.

இரண்டாவது, தாவரத்தால் ஆனவை. மா, தூள், விதை, கிழங்கு, ஓலைப் பொருட்கள், மரத்தாலான துருவலை, இடியப்ப உரல் ஆகியன இதில் அடங்கும். அரைத்தும் வறுத்தும் பதனிட்டவற்றுக்குக் கட்டுப்பாடு பொதுவாகக் குறைவு. செத்தல் மிளகாய், முழுக் கொத்தமல்லி, சீரகம், பயறு போன்று முழுதாக இருப்பவற்றுக்குக் கூடுதல். பெறும் நாடு கேட்குமாயின், எமது விவசாயத் திணைக்களத்தின் கீழுள்ள தேசிய தாவரத் தொற்றுத்தடுப்புச் சேவையிடம் தாவர சுகாதாரச் சான்றிதழ் பெற வேண்டும். அவுஸ்திரேலியாவுக்கு அனுப்புவோர் மேலதிகக் கவனம் எடுக்க வேண்டும்: தானியக் களஞ்சியங்களை நாசமாக்கும் கப்ரா வண்டு நுழைந்துவிடும் என்ற அச்சத்தால், அரிசி, பயறு, கொத்தமல்லி, சீரகம் முதலியவற்றைத் தனியாள் பொதிகளில் அந்நாடு அனுமதிப்பதில்லை.

மூன்றாவது, விலங்கிலிருந்து வருபவை. கருவாடு, மாசி, நெய், பாற்பண்டங்கள் என்பன. ஐரோப்பிய ஒன்றியத்துக்குக் கடலுணவு செல்ல வேண்டுமாயின், அது அங்கீகரிக்கப்பட்ட பதனிடும் நிலையத்திலிருந்து, கடற்றொழில் நீரியல் வளத் திணைக்களத்தின் சுகாதாரச் சான்றிதழுடன் செல்ல வேண்டும். வீட்டு முற்றத்தில் காயவைத்த கருவாடு எவ்வளவு தரமாக இருந்தாலும் அந்த வழியில் போக முடியாது. எனது அறிவுரை, முதல் அனுப்புகையில் இந்த வகையை முற்றாக விட்டுவிடுங்கள் என்பதே.

நான்காவது, எரியக்கூடியவையும் ஆபத்தானவையும். இதிற்றான் எம்மவர் அதிகம் தவறுகின்றனர், ஏனென்றால் அவை எமது பூசையறையிலும் குசினியிலும் நாளாந்தம் புழங்குபவை. கற்பூரம், கடல்வழி ஆபத்துப் பொருட்களுக்கான சர்வதேச விதிக்கோவையில் எரியக்கூடிய திண்மம் என்ற 4.1 ஆம் வகுப்பில் இருக்கிறது, தீப்பெட்டியும் அவ்வகுப்பே. கொப்பராவும் கரியும் தாமாகத் தீப்பற்றக்கூடியவை என்ற 4.2 ஆம் வகுப்பில் உள்ளன. உடலிற் பூசும் வாசனைத் திரவியமும் நகப்பூச்சும் எரியும் திரவங்கள். லித்தியம் பற்றரி கொண்ட விளக்கும் மின்விசிறியும் 9 ஆம் வகுப்பு. இவற்றை அனுப்பவே முடியாது என்பதில்லை. ஆனால் தனிப் பிரகடனம், தனிப் பொதியிடல், தனிக் கட்டணம் வேண்டும், பலருடைய சரக்கை ஒன்றாக ஏற்றுவோர் பெரும்பாலும் இவற்றை ஏற்பதில்லை. பெயரை மாற்றி ‘பூசைப் பொருட்கள்’ என்று எழுதி அனுப்புவது கப்பலிலுள்ள மாலுமிகளின் உயிருடன் தொடர்புடைய விடயம். 2021 மே மாதம் கொழும்புக்கு அப்பால் தீப்பிடித்து, பின்னர் மூழ்கிய எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பலில் நைத்திரிக்கமிலம் கசிந்திருந்தது என்பதையும், அதன் பிளாஸ்ரிக் மணிகள் எமது தீவின் மேற்குக் கரையில் கரையொதுங்கியதையும் நாம் மறந்துவிடக் கூடாது.

பெறுபவர் யார்

அடுத்து, மறுகரையில் இச்சரக்கைப் பொறுப்பேற்பவர் யார், எந்தத் தகுதியில் பொறுப்பேற்கிறார் என்பதை எழுத்தில் உறுதிசெய்யுங்கள். கனடாவில் 2019 ஜனவரி 15 முதல் நடைமுறையிலுள்ள உணவுப் பாதுகாப்பு ஒழுங்குவிதிகளின்படி, விற்பனைக்காக உணவு இறக்குமதி செய்பவர் அதற்கான உரிமம் வைத்திருக்க வேண்டும். ‘அன்பளிப்பு’ என்று எழுதினால் போதும் என்று சிலர் சொல்லித் தருவர். கனடாவில் 60 கனடிய டொலர் வரையும் பிரித்தானியாவில் 39 பவுண் வரையும் பெறுமதியுள்ள அன்பளிப்புக்கே வரிச் சலுகை உண்டு. ஐம்பது பெட்டி மிளகாய்த்தூளை அன்பளிப்பு என்று எந்தச் சுங்க அதிகாரியும் ஏற்கப் போவதில்லை.

சிட்டை ஒட்டும் வேலையும் இந்தக் கட்டத்திலேயே முடிய வேண்டும். கனடாவுக்குச் செல்லும் உணவுச் சிட்டை ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் இருக்க வேண்டும். பிரித்தானியாவும் ஐரோப்பிய ஒன்றியமும் 14 ஒவ்வாமைப் பொருட்களைச் சிட்டையில் துலக்கமாகக் காட்டச் சொல்கின்றன. எள்ளும் கடுகும் அவற்றுள் அடங்கும் என்பதால், எள்ளுருண்டை, நல்லெண்ணெய், கடுகு சேர்த்த ஊறுகாய் என எமது பண்டங்களிற் பல அதற்குள் வந்துவிடுகின்றன. ஐக்கிய அமெரிக்காவிலும் 2023 ஜனவரி 1 முதல் எள்ளு அந்த வரிசையில் சேர்ந்துள்ளது. மிளகாய்த்தூளுக்கு ஆய்வுகூட அறிக்கை ஒன்று எடுத்து வைப்பது நல்லது. ஐரோப்பிய ஒன்றியத்தில், உலர்ந்த மிளகாயிலும் அதன் தூளிலும் பூஞ்சணத்தால் உண்டாகும் அஃப்ளாரொக்சின் நஞ்சு மொத்தமாக ஒரு கிலோவுக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. செத்தல் மிளகாயை ஈரம் போகாமல் மூட்டை கட்டியவரின் தூள் அங்கேதான் அகப்படும்.

பதிவுகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வணிகப் பெயர்ப் பதிவு, வரி செலுத்துநர் அடையாள இலக்கம், சுங்கத்தில் ஏற்றுமதியாளர் பதிவு, ஏற்றுமதிப் பணத்தைப் பெறும் வங்கிக் கணக்கு ஆகியவை வேண்டும். ஏற்றுமதி அபிவிருத்திச் சபையிலும், பனம்பொருள் ஆயின் யாழ்ப்பாணத்திலேயே உள்ள பனை அபிவிருத்திச் சபையிலும் ஆலோசனை கேட்கலாம். ஒரு மாதத்துக்கு முன்பே தொடங்குங்கள்.

அளவும் கூலியும்

காங்கேசன்துறையில் கொள்கலன் முனையம் கிடையாது. எனவே எமது சாமான்கள் ஏ9 வீதியால் ஏறத்தாழ 400 கிலோமீற்றர் லொறியில் சென்று கொழும்புத் துறைமுகத்தில் ஏற வேண்டும். 20 அடிக் கொள்கலன் ஒன்றின் உட்கொள்ளளவு ஏறத்தாழ 33 கன மீற்றர். பெட்டிகளை அடுக்கும்போது 25 முதல் 28 வரையே நடைமுறையிற் கொள்ளும். உங்கள் சரக்கு 13 அல்லது 15 கன மீற்றருக்குக் குறைவாயின், பலருடைய சரக்குடன் சேர்த்து ஏற்றும் எல்.சி.எல். முறையே பெரும்பாலும் மலிவு. அதற்கு மேற்பட்டால் முழுக் கொள்கலனின் விலையையும் கேட்டு ஒப்பிடுங்கள்.

எல்.சி.எல். கூலி, ஒரு கன மீற்றர் அல்லது 1000 கிலோ, இரண்டில் எது கூடுதலோ அதன்படி கணக்கிடப்படும். எமது சாமான்களில் எப்போதும் கன அளவே வெல்லும். 50 சென்ரிமீற்றர் நீளமும் 40 அகலமும் 40 உயரமும் கொண்ட பெட்டி 0.08 கன மீற்றர். 60 பெட்டிகள் 4.8 கன மீற்றர். அதே பெட்டிகளைத் திணித்து நிரப்பி, நீளம், அகலம், உயரம் ஒவ்வொன்றும் இரண்டு சென்ரிமீற்றர் கூடும்படி வீங்க விட்டால், 60 பெட்டிகள் 5.5 கன மீற்றராகிவிடும். கொழும்புக் களஞ்சியத்தில் வீங்கிய அளவையே அளப்பார்கள். ஆகவே அளவுநாடாவைப் பெட்டி மூடியபின் பிடியுங்கள். அட்டைக் கடைக்காரர் சொன்ன அளவை எழுதாதீர்கள்.

கூலி கேட்கும்போது புதியவர்கள் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. கொழும்பில் ஒரு கன மீற்றருக்கு மிகக் குறைந்த கப்பற் கூலி சொல்லப்படும். ஆனால் கொள்கலன் திறப்பு, களஞ்சியக் கையாளல், ஆவணக் கட்டணம் என்று மறுகரை முகவர் பெறுநரிடம் அறவிடுவது அதைப்போல் பல மடங்காக இருக்கலாம். எனவே ‘இலண்டன் வரை எவ்வளவு’ என்று கேட்காமல், ‘பெறுநர் அங்கே செலுத்த வேண்டிய ஒவ்வொரு கட்டணத்தையும் எழுதித் தாருங்கள்’ என்று மின்னஞ்சலிற் கேளுங்கள். எழுதித் தர மறுப்பவரிடம் மலிவுக்காகச் செல்ல வேண்டாம். விற்பனை நிபந்தனையையும் இதே நேரத்தில் முடிவுசெய்யுங்கள்: எவ்.ஓ.பி. என்றால் கொழும்பில் கப்பலில் ஏற்றும்வரை உங்கள் செலவு, சி.ஐ.எவ். என்றால் கப்பற் கூலியும் காப்புறுதியும் உங்களுடையவை, ஆனால் மறுகரைக் கட்டணமும் இறக்குமதி வரியும் அப்போதும் பெறுநருக்கே உரியவை. உறவினருடன் நடக்கும் வியாபாரத்தில் இதைப் பேசக் கூச்சப்பட்டுப் பின்னர் உறவே முறிந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

பொதியிடல்

கொள்கலனின் உள்ளே நிகழ்வதை மனத்திற்கொண்டு கட்டுங்கள். கொழும்பின் வெப்பத்தில் மூடப்படும் இரும்புப் பெட்டிக்குள் ஈரக் காற்றும், அட்டையிலும் பலகையிலும் மாவிலும் ஊறியிருக்கும் ஈரமும் அடைபடுகின்றன. கப்பல் குளிர்க் கடலை அடையும்போது கூரைத் தகடு குளிர்ந்து, அந்த ஈரம் துளிகளாகி, மழைபோலச் சரக்கின்மேல் விழுகிறது. கடல் நீர் ஒரு துளியும் உட்புகாமலே பெட்டிகள் நனைந்து போவது இப்படித்தான். 2023 இன் இறுதியிலிருந்து செங்கடற் பாதையில் நிகழ்ந்த தாக்குதல்களால் பல கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிச் செல்லத் தொடங்கி, ஐரோப்பியப் பயணம் பத்து நாளுக்குக் குறையாமல் நீண்டது. ஈரத்துடன் இருக்கும் காலமும் அவ்வளவு கூடியது.

ஒடியல் மா, மிளகாய்த்தூள் ஆகியவற்றை நன்கு வெயிலில் உலர்த்தி, ஆறவிட்டு, தடித்த பொலித்தீன் பையில் வெப்ப முத்திரையிட்டு அடையுங்கள். சூடாக அடைத்தால் பைக்குள்ளேயே வியர்க்கும். யாழ்ப்பாணத்துக்கு மழையின் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை கிடைப்பதால், அந்த மாதங்களில் உலர்த்திக் கட்டுவதை இயன்றவரை தவிர்ப்பேன். பனங்கட்டி காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக் கசியும்; அழகுக்காகக் குட்டானுடனேயே அனுப்புவதாயின், ஒவ்வொரு குட்டானையும் தனித்தனியே காற்றகற்றிய பையில் இட வேண்டும், இல்லாவிடில் ஓலை பூஞ்சணம் பிடித்து மற்றவற்றுக்கும் பரவும். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பைகளைப் பெட்டிக்குள்ளும், முழுக் கொள்கலன் ஆயின் கல்சியம் குளோரைட்டுப் பைகளைச் சுவரோரமாகவும் தொங்கவிடுங்கள்.

மணம் பற்றியும் எண்ணிப் பார்க்க வேண்டும். ஊதுபத்தியும் சவர்க்காரமும் மாவுடன் ஒரே பெட்டியில் இருந்தால், ஒரு மாதத்தின் பின் பிட்டு அவிப்பவருக்கு மல்லிகை மணம்தான் வரும். சேலைக்கும் மிளகாய்த்தூளுக்கும் இடையிலும் அதே தூரம் வேண்டும். எண்ணெய்ப் போத்தலும் ஊறுகாய்ப் போத்தலும் எப்போதும் தனிப் பெட்டியில், நிமிர்ந்த நிலையில், ஒவ்வொன்றும் பையிலிடப்பட்டு, அடுக்கின் கீழ்வரிசையில் இருக்க வேண்டும்.

பழைய பால்மாப் பெட்டிகளையும் பிஸ்கற் பெட்டிகளையும் திரும்பப் பயன்படுத்துவது எமது ஊர் வழக்கம். கப்பல் சரக்குக்கு அது இரண்டு விதத்திற் கெடுதி. ஒருமுறை நசிந்த அட்டை அடுக்கின் பாரத்தைத் தாங்காது. மேலும் பாற்பண்டத்தின் பெயர் அச்சிட்ட பெட்டி, பாற்பண்டத்துக்குக் கட்டுப்பாடுள்ள நாட்டில் முதலாவதாகத் திறக்கப்படும். ஐந்தடுக்குப் புதிய அட்டைப் பெட்டி வாங்கி, ஒரு பெட்டி 20 கிலோவைத் தாண்டாமல் நிரப்பி, ஆறு பக்கங்களில் குறைந்தது இரண்டில் பெட்டி இலக்கம், பெறுநர் பெயர், துறைமுகம் ஆகியவற்றை அழியாத மையில் எழுதுங்கள். வைக்கோலை இடைநிரப்பியாக வைக்காதீர்கள். தாவரத் தொற்றுத்தடுப்பு அதிகாரிகள் அதை எடுத்து எரிப்பதுடன் சரக்கையும் நிறுத்துவர். மரக் கூடோ மரப் பலெட்டோ பயன்படுத்தினால், மரத்தின் நடுப்பகுதி 56 பாகை செல்சியசில் 30 நிமிடங்கள் சூடாக்கப்பட்டதைக் காட்டும் கதிர்க் குறியுடன் கூடிய சர்வதேச முத்திரை அதில் இருக்க வேண்டும். சாவகச்சேரி மரக்காலையில் அறுத்த பலகையை ஆணியடித்துச் செய்த கூடு அந்த முத்திரையின்றிச் செல்லாது. ஒட்டுப்பலகைக்கு இந்த விதி இல்லை என்பதால் நான் அதையே விரும்புகிறேன்.

ஆவணங்கள்

விலைப்பட்டியலும் பொதியிடல் பட்டியலும் ஒன்றோடொன்று ஒரு கிலோ கூடப் பிசகாமல் இருக்க வேண்டும். 17 ஆம் பெட்டியில் என்ன இருக்கிறது என்று அதிகாரி கேட்டால், தாளைப் பார்த்துச் சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும். ‘பலசரக்கு’, ‘பலவகைச் சாமான்’ என்ற சொற்கள் வேண்டாம்.

ஒவ்வொரு பண்டத்துக்கும், சுங்கத்தில் அதன் வகையைக் குறிக்கும் எச்.எஸ். இலக்கம் வேண்டும், அதன் முதல் ஆறு இலக்கங்கள் உலகெங்கும் பொதுவானவை. இங்கே எமக்கேயுரிய ஒரு பொறி இருக்கிறது. நாம் மிளகாய்த்தூள் என்று சொல்வது, மிளகாயுடன் மல்லி, மிளகு, சீரகம், பெருஞ்சீரகம், வெந்தயம், மஞ்சள் எல்லாம் வறுத்து இடித்த கறித்தூள். தனி மிளகாயை அரைத்தது 0904.22, பல சரக்குகள் கலந்தது 0910.91 இன்கீழ் வரும். பையின் சிட்டையில் மல்லி, சீரகம் என்று எழுதிவிட்டு, விலைப்பட்டியலில் வெறும் மிளகாய்த்தூள் என்று எழுதினால், அந்த முரண் கேள்வியாகித் திரும்பும். ஊதுபத்தி 3307.41, ஓலைப் பெட்டியும் கூடையும் 4602, அச்சிட்ட புத்தகம் 4901. இறுதி இலக்கத்தைச் சுங்க அனுமதி முகவருடன் இருந்து சரிபாருங்கள். ஆனால் பண்டம் எதனால் ஆனது என்பதை அவருக்குச் சொல்ல வேண்டியவர் நீங்களே.

ஐரோப்பிய ஒன்றியத்துக்குச் செல்லும் பண்டங்களுக்கு ஜீ.எஸ்.பி. பிளஸ் என்ற இறக்குமதி வரிச் சலுகையும், பிரித்தானியாவுக்கு 2023 யூன் 19 முதல் அந்நாடு நடைமுறைப்படுத்தும் வேறொரு சலுகைத் திட்டமும் உண்டு. ஐரோப்பாவுக்கு 6000 யூரோவுக்கு மேற்பட்ட சரக்காயின், பண்டம் எந்த நாட்டில் உண்டானது என்று கூறும் தோற்றுவாய்க் கூற்றை எழுத உங்களுக்குப் பதிவு இருக்க வேண்டும்.

கொழும்பிலும் அதன் பின்னும்

லொறி கொழும்பு சேரும்போது, சேர்ப்பிக்கும் களஞ்சியத்தின் இறுதி நேரத்துக்கு ஒரு முழு நாள் மீதமிருக்கும்படி யாழ்ப்பாணத்தில் ஏற்றுங்கள். முகவர் சுங்கப் பிரகடனத்தை அசிகுடா கணினி முறையினூடாகச் சமர்ப்பிப்பார். 2016 யூலை 1 முதல், நிறை சரிபார்க்கப்படாத கொள்கலனை எக்கப்பலும் ஏற்றக் கூடாது. உங்கள் பெட்டிகளின் நிறையை ஊகித்து எழுதினால் அதே கொள்கலனிலுள்ள மற்றவர்களின் சரக்கும் தாமதமாகும்.

காப்புறுதியை விட்டுவிடாதீர்கள். மிகப் பரந்த பாதுகாப்புத் தரும் ‘ஏ’ வகை நிபந்தனைகளில், சரக்கின் பெறுமதி, கூலி, காப்புறுதி ஆகியவற்றின் மொத்தத்துடன் பத்து வீதம் கூட்டி எடுப்பது வழக்கம். உங்கள் பெட்டிக்கு எதுவும் நேராதபோதும் அது தேவைப்படும். கப்பலைக் காப்பாற்ற ஏற்பட்ட விசேட செலவைச் சரக்குரிமையாளர் அனைவரும் பங்கிட வேண்டும் என்பது பழைய கடல் வழமை. 2021 மார்ச்சில் சூயஸ் கால்வாயில் சிக்கிய எவர் கிவ்வன் கப்பலிலும் அது அறிவிக்கப்பட்டது. காப்புறுதி இல்லாதவர் பணத்தைக் கட்டிய பின்னரே தமது சரக்கை எடுக்க முடியும்.

கப்பல் புறப்பட்டபின் கிடைக்கும் பில் ஒப் லேடிங், சரக்கின் உரிமையைக் காட்டும் பத்திரம். வழக்கமாக மூன்று மூலப்பிரதிகள் தரப்படும். அவற்றுள் ஒன்றைக் கொடுத்துச் சரக்கைப் பெற்றவுடன் மற்றவை செல்லாமற் போகும். பணம் முழுதாக வரவில்லையாயின் மூன்றையும் உங்கள் கையில் வைத்திருங்கள். வந்துவிட்டால், மூலப்பிரதிகளைக் கொழும்பிலேயே ஒப்படைத்து, மறுகரையில் பத்திரமின்றி விடுவிக்கும்படி கேட்பது கூரியர் செலவையும் தாமதத்தையும் மிச்சப்படுத்தும். பத்திரத்தின் வரைவு வரும்போது பெறுநரின் பெயரையும் முகவரியையும் எழுத்தெழுத்தாகப் படியுங்கள். ஒரு எழுத்துப் பிழையைத் திருத்துவதற்கும் பின்னர் கட்டணம் உண்டு.

சரக்கு வந்திறங்கும் நாளைப் பெறுநர் அறிந்திருக்க வேண்டும், ஏனெனில் இலவசமாக வைத்திருக்கும் நாட்கள் சிலவே. பெட்டிகளை எடுக்கும்போது, நசிவோ நனைவோ வெளியிற் தெரிந்தால் கையொப்பமிடும் தாளிலேயே அதை எழுதச் சொல்லுங்கள். உள்ளே மட்டும் தெரியும் சேதமாயின் மூன்று நாட்களுக்குள் எழுத்தில் அறிவிக்க வேண்டும். வழக்குத் தொடுக்கக் கிடைப்பது ஓர் ஆண்டு. அப்போது கைகொடுப்பவை, யாழ்ப்பாணத்தில் பெட்டி மூடுமுன் ஒவ்வொரு அடுக்கையும் பெட்டி இலக்கம் தெரியும்படி நீங்கள் எடுத்துவைத்த படங்கள்.